கம்பெனி திவாலானால் உங்கள் தகவல் யார் கைக்குப் போகும்?

2025 மார்ச் 21 அன்று கலிஃபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரல் ராப் போன்டா பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 23 அண்ட் மீ என்ற மரபணுப் பரிசோதனைக் கம்பெனி பணநெருக்கடியில் இருக்கிறது, அதன் வாடிக்கையாளர்களுக்குத் தங்கள் மரபணுத் தகவலை அழிக்கவும், கொடுத்த எச்சில் மாதிரியை ஒழிக்கச் சொல்லவும் சட்டப்படி உரிமை உண்டு என்பதுதான் விஷயம். கணக்கில் நுழைந்தபின் எந்தப் பக்கத்துக்குப் போய் எதை அழுத்த வேண்டும் என்பது வரை அதில் படிப்படியாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் தனியார் கம்பெனி ஒன்றின் செட்டிங்ஸ் பக்கத்துக்கு வழிகாட்டி எழுதுவது வழக்கமான காரியமில்லை. இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கம்பெனி மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரின் திவால் நீதிமன்றத்தில் மனுப் போட்டது.

திவாலான கம்பெனி கடன்காரர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமென்றால் கையில் இருப்பதை விற்க வேண்டும். மில் மூடினால் இயந்திரத்தை விற்பார்கள், நிலத்தை விற்பார்கள். 23 அண்ட் மீயிடம் இருந்தவற்றில் பெரிய விலை போகக்கூடியது சுமார் 1.5 கோடிப் பேரின் மரபணுத் தகவல்தான். அது கம்பெனியின் சொத்தா, அந்த 1.5 கோடிப் பேரின் சொத்தா?

'நம் தகவல் நமக்குத்தான் சொந்தம்' என்று மேடையில் யார் சொன்னாலும் கைதட்டல் கிடைக்கும். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் கதை வேறு. சொந்தம் யாருக்கு என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பாதை முட்டுச்சந்தில் முடியும் என்பது என் கட்சி. அந்தத் தகவலை யார் நகலெடுக்கலாம், யார் அழிக்கலாம், கைமாறும்போது யாரைக் கேட்க வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும். கம்பெனி நன்றாக ஓடும் காலத்தில் இந்தக் கேள்விகள் எழுவதில்லை. அது நொடியும்போது எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

முதலில் இந்தக் கம்பெனி எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம். 2006-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு எச்சில் பரிசோதனைப் பெட்டியை 999 டாலருக்கு விற்றது. 2012 முடிவதற்குள் விலை 99 டாலர். குழாயில் துப்பி தபாலில் அனுப்பினால் பூர்வீகம் எது, எந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்று சொல்வார்கள். இதில் ஒரு தொல்லை உண்டு. மரபணு மாறப்போவதில்லை என்பதால் ஒருமுறை சோதித்தவர் மறுபடி வரமாட்டார். ஆகவே பெட்டி விற்ற காசைவிட, பெட்டி வழியாகச் சேரும் தகவலில்தான் எதிர்காலம் இருப்பதாகக் கம்பெனி நம்பியது. 2018-இல் மருந்துக் கம்பெனியான கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் 30 கோடி டாலர் முதலீடு செய்து, புது மருந்து தேடுவதற்கு அந்தத் தகவல் திரட்டைப் பயன்படுத்தும் தனி உரிமையைச் சில ஆண்டுகளுக்குப் பெற்றது. வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு எண்பது பேர் 'ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம்' என்று சம்மதம் கொடுத்திருந்தார்கள். அந்தச் சம்மதம் ஒரு டிக். அதற்குக் கிடைத்த விலை கம்பெனிக்குப் போனது, டிக் அடித்தவர்களுக்கு அல்ல.

2021-இல் பங்குச்சந்தைக்கு வந்தபோது மதிப்பு சுமார் 350 கோடி டாலர். அப்புறம் சரிவுதான். 2023 அக்டோபரில் திருட்டு வெளிப்பட்டது. வேறு தளங்களிலிருந்து கசிந்த பாஸ்வேர்டுகளை இங்கே போட்டுப் பார்த்து, சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்துவிட்டார்கள். அந்தத் தளத்தில் மரபணு ஒத்துப்போகிற உறவினரைக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. அந்த வழியாக 14,000 கணக்குகளிலிருந்து 69 லட்சம் பேரின் விவரத்தை அள்ளினார்கள். உங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு பலமாக இருந்தாலும், தூரத்துச் சொந்தக்காரர் எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் உங்கள் விவரமும் போயிற்று.

அதாவது மரபணுத் தகவல் ஒருவருடையது மட்டுமல்ல. உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள். அண்ணன் எச்சில் அனுப்பினால் தங்கையைக் கேட்காமலேயே அவளைப் பற்றியும் பாதி சொல்லியாயிற்று. 2018-இல் கலிஃபோர்னியா போலீஸ் பழைய தொடர்கொலை வழக்கு ஒன்றில் ஜோசஃப் டிஆஞ்சலோ என்ற முன்னாள் போலீஸ்காரரைப் பிடித்தது. அவர் எந்தத் தளத்துக்கும் மாதிரி அனுப்பவில்லை. ஜெட்மேட்ச் என்ற வேறொரு தளத்தில் தூரத்து உறவினர்கள் ஏற்றிவைத்த தகவல் போலீஸை அவர் வீட்டுக்கு இட்டுச்சென்றது. குற்றவாளி சிக்கியதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் 'என் தகவல், என் சொத்து' என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை. பல பேருக்குப் பங்கிருக்கும் சொத்தை ஒரு பங்காளி மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலத்தான் இது.

சட்டம் தகவலைச் சொத்தாகப் பார்க்கத் தயங்குவதற்குப் பழைய காரணங்கள் உண்டு. 1970-களில் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேர்வுக்கு முன்பே வினாத்தாளைக் கைப்பற்றிப் படித்தார். தாளைத் திருப்பி வைத்துவிடும் எண்ணத்தோடுதான் எடுத்தார். திருட்டு வழக்குப் போட்டார்கள். எதைத் திருடினார்? தாளை அல்ல, அதிலிருந்த கேள்விகளை. கேள்விகள் பல்கலைக்கழகத்திடம் அப்படியே இருக்கின்றனவே, ரகசியத் தகவல் என்பது திருட்டுச் சட்டம் சொல்லும் சொத்து ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாணவர் நேர்மையாக நடந்தார் என்று யாரும் சொல்லவில்லை. அவர் செய்தது திருட்டு இல்லை, அவ்வளவுதான்.

உடலிலிருந்து எடுத்ததற்கும் இதே கதிதான். ஜான் மூர் என்பவருக்கு ரத்தப் புற்றுநோய். 1976-இல் லாஸ் ஏஞ்சலீஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் அவருடைய மண்ணீரலை அகற்றினார்கள். பிறகு பல ஆண்டுகள் அவரைச் சியாட்டிலிலிருந்து வரவழைத்து ரத்தமும் மற்ற மாதிரிகளும் எடுத்துக்கொண்டார்கள். சிகிச்சையின் தொடர்ச்சி என்று அவர் நினைத்தார். மருத்துவரோ அவருடைய செல்களிலிருந்து ஒரு செல் வரிசையை (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல்களை) வளர்த்துக் காப்புரிமையும் வாங்கியிருந்தார். வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990-இல் தீர்ப்பு: அகற்றிய செல்கள்மேல் மூருக்குச் சொத்துரிமை கிடையாது, ஆனால் தன் பண ஆதாயத்தை மறைத்த மருத்துவர்மேல் அவர் வழக்குத் தொடரலாம். சொத்து உன்னுடையது இல்லை, உன்னிடம் மறைத்தது தப்பு என்ற இந்த ஏற்பாடுதான் இன்றைய தகவல் பாதுகாப்புச் சட்டங்களின் எலும்புக்கூடு. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கும் ஜி.டி.பி.ஆர். என்ற தகவல் பாதுகாப்புச் சட்டமும் தனிநபர் தகவல் யாருக்குச் சொந்தம் என்று சொல்வதில்லை. பார்க்கக் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போகலாம் என்று உரிமைகளை அடுக்குகிறது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2011-இல், மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியச் சட்ட மாணவர் ஃபேஸ்புக்கிடம் தன்னைப் பற்றி இருப்பதைக் கேட்டார். சுமார் 1,200 பக்கம் வந்தது. தான் அழித்துவிட்டதாக நினைத்திருந்தவையும் அதில் இருந்தன.

சொத்து என்று சட்டம் சொல்லாவிட்டாலும் வியாபாரம் அப்படித்தான் நடத்துகிறது. 2020 ஜூனில் கோவிட் அடித்த அடியில் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் கடன் வாங்கப் போனபோது, மைலேஜ் பிளஸ் என்ற தன் வாடிக்கையாளர் சலுகைத் திட்டத்தை அடமானம் வைத்தது. அதன் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று கணக்குக் காட்டியது. அன்றைக்கு அந்த விமானக் கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பே அவ்வளவு இல்லை. விமானங்களைவிட, விமானத்தில் யார் எப்போது எங்கே போகிறார்கள் என்ற பட்டியலும் அதைச் சுற்றி வங்கி அட்டைகளோடு நடக்கும் வியாபாரமும் விலை உயர்ந்தவை.

நம் ஊரில் ஜெட் ஏர்வேஸைப் பாருங்கள். 2019 ஏப்ரலில் கடைசி விமானம் இறங்கியது. ஊழியர்களுக்குச் சம்பளம் போயிற்று, டிக்கெட் எடுத்தவர்களுக்குப் பணம் போயிற்று. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்கச் சொல்லிவிட்டது. ஆனால் அதன் மைல்கள் திட்டமான ஜெட் பிரிவிலேஜ் முன்பே தனிக் கம்பெனியாகப் பிரிந்து, 50.1 சதவீதம் அபுதாபியின் எத்திஹாத் கைக்குப் போயிருந்தது. விமானம் நின்ற அதே ஆண்டு அது இன்டர்மைல்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. உறுப்பினர் எண் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு விமானக் கம்பெனிக்கு விவரம் கொடுத்ததாகத்தான் நினைத்திருப்பார்கள்.

சரி, திவால் கதைக்கு வருவோம். இந்தச் சிக்கலை அமெரிக்கா முதலில் பெரிதாகச் சந்தித்தது 2000-இல். டாய்ஸ்மார்ட் என்று ஒரு பொம்மைக் கடை, இணையத்தில். பெரும்பங்கு டிஸ்னியுடையது. 'உங்கள் விவரங்களை ஒருபோதும் மூன்றாம் நபருக்குத் தரமாட்டோம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். மே மாதம் கடையை மூடியதும் வாடிக்கையாளர் பட்டியல் விற்பனைக்கு என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். பட்டியலில் குழந்தைகளின் பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் வழக்குப் போட்டது. 2001 ஜனவரியில் டிஸ்னியின் துணைக் கம்பெனி ஒன்று 50,000 டாலர் கொடுத்து அந்தப் பட்டியலை அழிக்க வைத்தது. ஒருவகையில் இது நல்ல முடிவு. இன்னொரு வகையில், அழிப்பதற்கும் ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

இதன் விளைவாக 2005-இல் அமெரிக்கத் திவால் சட்டத்தைத் திருத்தினார்கள். தனிநபர் தகவலைப் பிறருக்குத் தரமாட்டோம் என்று ஒரு கம்பெனி எழுதிக்கொடுத்திருந்தால், அதை மீறி விற்பதற்கு முன் நீதிமன்றம் தனியுரிமைக் கண்காணிப்பாளர் ஒருவரை நியமித்து அறிக்கை வாங்க வேண்டும். கம்பெனி வக்கீல்கள் இதிலிருந்து கற்ற பாடம் வேறு. வாக்குக் கொடுத்தால்தானே மீற வேண்டிவரும்? தனியுரிமைக் கொள்கையில் ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டார்கள்: கம்பெனி இணைந்தாலோ விற்கப்பட்டாலோ திவாலானாலோ உங்கள் தகவலும் அந்த ஏற்பாட்டின் பகுதியாகக் கைமாறலாம். 23 அண்ட் மீயின் கொள்கையிலும் இந்தப் பத்தி இருந்தது. நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஓர் ஆப்பின் கொள்கையைத் திறந்து கீழ்ப்பக்கமாகப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

இல்லினாய்ஸ் மாநிலம் இன்னும் கறாரான வழி எடுத்தது. விரலை வைத்தால் காசு கட்டலாம் என்று பே பை டச் என்ற கம்பெனி கடைகளில் கருவி வைத்திருந்தது. அது 2007 கடைசியில் திவாலானதும், சேர்த்து வைத்த கைரேகையெல்லாம் யாருக்கு விற்கப்படுமோ என்று பயம் கிளம்பியது. பாஸ்வேர்டை மாற்றலாம், கட்டைவிரலை மாற்ற முடியாது. 2008-இல் அந்த மாநிலம் உடலடையாளத் தகவலுக்கென்றே சட்டம் போட்டது. எழுத்தில் சம்மதம் வேண்டும், விற்கவே கூடாது, மீறினால் பாதிக்கப்பட்டவரே நேராக வழக்குப் போடலாம். கடைசி அம்சம்தான் பல்லுள்ள பகுதி. முகத்தை அடையாளம் கண்டு பெயர் சொன்ன வசதிக்காக ஃபேஸ்புக் இந்தச் சட்டத்தின்கீழ் 65 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்தப் பணம் மாநிலப் பயனர்களின் கைக்குப் போனது.

23 அண்ட் மீ ஏலத்தில் மே மாதம் ரீஜெனரான் என்ற மருந்துக் கம்பெனி 25.6 கோடி டாலருக்கு வென்றதாக அறிவிப்பு வந்தது. பிறகு கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரும் திவால்வரை அதை நடத்தியவருமான ஆன் வோஜ்சிட்ஸ்கி, லாப நோக்கமற்ற புது அமைப்பு ஒன்றை வைத்து 30.5 கோடி டாலருக்குக் கேட்டு ஏலத்தை வென்றார். இதற்கிடையே ஜூன் 9 அன்று 27 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் வழக்குப் போட்டன. ஒவ்வொரு வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் மரபணுத் தகவலை விற்க முடியாது என்பது வாதம். பல மாநிலங்களில் மரபணுத் தனியுரிமைச் சட்டங்கள் அப்படித்தான் சொல்கின்றன.

இந்த வாதத்தை எப்படித் தாண்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சொத்துகளை ஒரு புதுத் துணைக் கம்பெனிக்குள் போட்டார்கள். வாங்குபவர் அந்தத் துணைக் கம்பெனியின் பங்குகளை வாங்கினார். தகவல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதே ஊழியர்கள் பார்க்கிறார்கள், கம்பெனியின் முதலாளி மட்டும் மாறியிருக்கிறார். ஆகவே தகவலை யாரும் யாருக்கும் விற்கவில்லை. கேட்பதற்கு வித்தை மாதிரி இருக்கிறது. ஆனால் கம்பெனிச் சட்டத்தில் இது தினமும் நடப்பது. ஒரு கம்பெனியின் பங்குகள் கைமாறும்போது அதன் வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் கேட்பது கிடையாது. பழைய கொள்கையை மாற்றமாட்டோம், அழிக்கும் உரிமை என்றும் இருக்கும் என்று புது முதலாளி உறுதிகள் கொடுத்ததும் பல மாநிலங்கள் அடங்கின. கலிஃபோர்னியா கடைசிவரை ஒப்பவில்லை. ஜூன் 27 அன்று நீதிபதி பிரையன் வால்ஷ் விற்பனைக்கு அனுமதி கொடுத்தார். கம்பெனியை நொடியவிட்ட தலைமையின் கைக்கே தகவல் திரும்பப் போனது, கடன்கள் கழிந்த நிலையில். எனக்கு இது நெருடுகிறது. மருந்துக் கம்பெனிக்குப் போயிருந்தால் நெருடியிருக்காதா என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

அழித்தவர்கள் கதி என்ன? திவால் மனுவுக்குப் பின் சுமார் 19 லட்சம் பேர் அழிக்கக் கேட்டதாகக் கம்பெனியின் தற்காலிகத் தலைவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். கணக்கை அழித்தாலும், ஆய்வக விதிமுறைகளின்படி சில மரபணு விவரமும் பிறந்த தேதியும் பாலினமும் ஆய்வகத்தில் தங்கும். ஏற்கெனவே முடிந்துபோன ஆராய்ச்சியிலிருந்து யாருடைய பங்கையும் பிரித்தெடுக்க முடியாது. சேர்ந்த தகவலிலிருந்து கம்பெனி கணித்து உருவாக்கிய மதிப்பீடுகள், கணிப்பு மாடல்கள் யாருடையவை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தியாவில் இந்த விவாதம் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. அடுத்த ஆண்டு ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பயனரே தன் தகவலுக்கு உரிமையாளர், கம்பெனிகள் வெறும் காப்பாளர்கள் என்று பரிந்துரைத்தது. கேட்க நன்றாக இருந்தது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமையாளர் என்ற பேச்சே இல்லை. சம்மதம், சம்மதத்தைத் திரும்பப் பெறுதல், பார்த்தல், திருத்தல், அழித்தல் என்று ஐரோப்பிய வழியில் போகிறது. தகவலை இன்னொரு கம்பெனிக்கு எடுத்துப்போகும் உரிமை 2019 மசோதாவில் இருந்தது, சட்டத்தில் காணோம். ஒரு மீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வாங்க வழி கொடுத்த பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதுச் சட்டம் நீக்குகிறது. இல்லினாய்ஸின் பல் இங்கே முளைக்கவில்லை.

மருந்துக்கடையில் நூறு ரூபாய்க்கு மாத்திரை வாங்கினாலும் 'நம்பர் சொல்லுங்க சார்' என்கிறார்கள். சொல்லாவிட்டால் சிஸ்டம் பில் போடாது என்பார்கள். நம்பர் கொடுக்காததற்காகச் சேவையை மறுக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியது; கவுன்டரில் இருக்கும் பையனுக்கு அது போய்ச் சேரவில்லை, சேர்ந்தாலும் சாஃப்ட்வேர் அவன் கையில் இல்லை. அந்த நம்பரோடு நீங்கள் மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரையின் பெயரும் சேர்ந்து ஒரு வரிசையாகப் பதிவாகிறது. அந்தக் கடைகளை நாளை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கினால்?

இதற்குப் பதில் புதுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. நீதிமன்றமோ தீர்ப்பாயமோ ஒப்புதல் தந்த இணைப்பு, பிரிப்பு, நிறுவனத்தின் தொழிலை இன்னொன்றுக்கு மாற்றுதல் ஆகியவற்றுக்குத் தேவையான அளவில் தகவலைக் கையாளும்போது, சம்மதம் பற்றிய விதிகள் பொருந்தாது. பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமைகளும் பொருந்தாது. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான கட்டுப்பாடும் பொருந்தாது. மிஞ்சுவது இரண்டு கடமைகள்: சட்டத்துக்குக் கட்டுப்படும் பொறுப்பு, தகவல் கசியாமல் பத்திரமாக வைத்திருப்பது. அமெரிக்காவில் இருப்பது போன்ற கண்காணிப்பாளர் ஏற்பாடும் இதில் இல்லை.

விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் இருப்பதால் 2027 மே மாதவாக்கில்தான் சட்டம் முழுதாக நடப்புக்கு வரும். திவாலான கம்பெனியின் தொழிலை மொத்தமாக வாங்காமல், வாடிக்கையாளர் பட்டியலை மட்டும் தனியே ஏலத்தில் எடுத்தால் இந்த விலக்கு கிடைக்குமா என்பது வாதத்துக்குரியது. பிரிவின் வாசகம் கம்பெனிகளையும் அவற்றின் தொழிலையும்தான் பேசுகிறது, தனிப்பட்ட சொத்துகளை அல்ல. விலக்கு கிடைக்காது என்றே நான் படிக்கிறேன். கடன் கொடுத்த வங்கிகளின் வக்கீல்கள் அதை வேறு மாதிரி படிப்பார்கள்.